ஊசியும் அகல்விளக்கும்

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கும் வேளையில் சமவெளி ஊர்கள் வெயிலில் வாடிக் கிடக்கும். அதே வேளையில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாக மேற்கே செல்லும் மலைப்பாதையில் காலைப் பனிமூட்டம் முழுவதும் விலகியிராது. மன்னவனூருக்கும் அப்பால், படிக்கட்டு வயல்கள் சூழப் பூண்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இப்பகுதி மக்கள் மேல்மலைக் கிராமங்கள் என்று அழைக்கும் ஊர்களுள் அதுவும் ஒன்று.

இம்மலை ஊர்களின் முதன்மைப் பயிர்களில் ஒன்று வெள்ளைப்பூண்டு. மே மாதத்தை ஒட்டி ஒரு போகமும், நவம்பரை ஒட்டி மறு போகமும் பயிரிடுவது வழக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டு என்னும் பெயருக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. விரத நாள்களில் பக்தர்கள் பூண்டை விலக்குவர். ஆலய நைவேத்தியத்திலும் அதற்கு இடமில்லை. ஆயினும் பகலெல்லாம் அப்பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்கும் கைகளே மாலையில் குமரனுக்கு அகல்விளக்கு ஏற்றுகின்றன. அக்கைகளின் மணத்தைக் குன்றுதோறும் ஆடும் குமரன் அறியாதவன் அல்லன்.

கோடைக்காலம் மலைவாழ் குடும்பங்களுக்கு ஓய்வுக்காலம் ஆகாது. விதைப்பூண்டு பிரிக்க வேண்டும். நிலம் பண்படுத்த வேண்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். சமவெளியிலிருந்து உறவினர் வருவர். சித்திரைத் திருநாள், வைகாசி விசாகம் என்று விழாக்களும் அடுத்தடுத்து வரும். 1908-இல் உருவான கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மே மாதந்தோறும் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. அதனுடன் கோடை விழாவும் சேர்ந்துகொள்ளும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் மலையேறும் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படும் அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. வருகிறவர்கள் குளிருக்குக் கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டரும் கேட்பார்கள். எனவே பின்னல் ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு, வீட்டில் வேலை மிகுந்த அதே மாதத்தில்தான் கைவேலையும் மிகுதியாக வந்து சேர்கிறது.

கைத்தொழில் தெய்விகமானது என்று பெரியோர் சொல்வர். இல்லறமும் தெய்விகமானது என்பர். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பெண்ணின் இரு கைகளைக் கேட்டால் அவள் என்ன செய்வது?

ஒரு வீட்டின் கோடை

மேல்மலைக் கிராமங்களில் எந்த இல்லத்திலும் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரு சிறு வீடு. நிலத்தில் உழைக்கும் கணவன், பின்னல் வேலை கற்ற மனைவி, எட்டு வயதுப் பெண் குழந்தை, பார்வை சற்று மங்கிய மாமியார் என நால்வர் அங்கு வாழ்கின்றனர்.

சித்திரை இறுதியில் ஒரு நாள் மருமகள் கொடைக்கானல் கடைத்தெருவுக்குச் சென்று மகிழ்ச்சியோடு திரும்பினாள். குழந்தைகளுக்கான கம்பளிக் குல்லாக்கள் 20 வேண்டுமென்று ஒரு கடைக்காரர் கேட்டிருந்தார். 14 நாள்களில் கொடுத்துவிட வேண்டும். முன்பணமும் தந்திருந்தார். அப்பணத்தில் பெரும்பகுதிக்கு அவள் கம்பளி நூல் வாங்கி வந்துவிட்டாள். நீலம், மஞ்சள், அரக்கு நிறங்களில் நூற்கண்டுகள் கூடத்தில் குவிந்தன. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு இனிக் கடன் வாங்க வேண்டாம் என்ற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

முதல் நாள் ஊக்கமாகச் சென்றது. இரண்டாம் நாள் விடியலுக்கு முன்பே எழுந்து பின்னினாள். மூன்றாம் நாள் மாலை, வீட்டு முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றும் நேரம் கடந்துபோயிற்று. “இந்த வரிசையை முடிச்சிட்டு வர்றேன் அத்தை” என்றாள். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை தொடங்கியது. மாமியாரே தடவித் தடவிச் சென்று திரியிட்டு விளக்கேற்றினார்.

நான்காம் நாள் பிற்பகலில் குழந்தை தாயின் அருகே வந்து அமர்ந்தாள். எதையோ சொல்லத் தொடங்கினாள். “எண்ணிக்கை தவறிடும் கண்ணு, சும்மா இரு” என்றாள் தாய். பின்னலில் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் கணக்குப் பிசகிவிடும் என்பது உண்மைதான். குழந்தை பேசாமல் நூற்கண்டின் மேல் தலை வைத்துப் படுத்துவிட்டாள். இரவு உணவுக்கு எழுப்பியபோதுதான் அவள் உடல் காய்ச்சலால் கொதித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அன்றிரவு ஈரத்துணி நனைத்து நெற்றியில் இட்டபடியே தாய் விழித்திருந்தாள். அருகில் முடிந்த குல்லாக்கள் 5 இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பார்த்துக் குழந்தை மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, இது எந்தப் பாப்பாவுக்கு?” தாயால் விடை கூற இயலவில்லை.

ஒரே ஒரு கந்தை

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கி வந்த பின் குழந்தையின் காய்ச்சல் தணிந்தது. குற்ற உணர்ச்சியில் மருமகள் ஊசிகளைச் சுருட்டிப் பரணில் வைக்க எழுந்தாள். இனி இந்த வேலையே வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். மாமியார் அவளைத் தடுத்து அமரச் செய்தார். விதைப்பூண்டைப் பிரித்தவாறே, கோயிலில் தாம் கேட்ட சொற்பொழிவு ஒன்றை நினைவு கூர்ந்தார்.

அது திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாறு. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் 63 நாயன்மார்களுள் அவர் ஒருவர். காஞ்சி மாநகரில் வாழ்ந்தவர். சிவனடியார்களின் ஆடைகளை வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்டவர். அடியார் மனக்குறிப்பை அறிந்து பணி செய்தமையால் அப்பெயர் பெற்றார். ஒரு குளிர்காலத்து நாளில், மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாகச் சிவபெருமானே அடியார் வேடத்தில் அவர்முன் வந்தார். கந்தையை வெளுத்துத் தர நாயனார் கேட்க, “பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்; இல்லையேல் குளிர் தாங்காது” என்றார் அந்த முதியவர். நாயனாரும் வாக்களித்தார். துணியைத் துவைத்து உலர்த்த முனையும்போது வானம் இருண்டு பெருமழை பிடித்தது. மழை விடவில்லை, பொழுது சாய்ந்தது. அடியாரின் திருமேனி குளிரால் வருந்துமே என்று கலங்கிய நாயனார், துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோத முற்பட்டார். அக்கல்லின் அருகிலிருந்து இறைவனின் திருக்கரம் எழுந்து அவரைத் தடுத்தாட்கொண்டது.

கதையை முடித்துவிட்டு மாமியார் சொன்னார்:

“அந்தப் பெரியவரு ஒரே ஒரு கந்தையைத்தான் ஒத்துக்கிட்டாரு, தாயி. அதுக்கே மழை வந்து கெடுத்துச்சு. நீ இருபது ஒத்துக்கிட்டு வந்திருக்கே.”

மருமகள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“அவருக்குச் சாமி கை குடுத்தாரு. நமக்கு இந்த வீட்டுல இருக்கறவங்க கைதான். மொதல்ல கணக்குப் போடுவோம்” என்றார் மாமியார்.

பிரித்து வைத்த பூண்டுப் பற்களில் 24-ஐ எடுத்துத் தரையில் பரப்பினார். ஒரு பல் ஒரு மணி நேரம். உறக்கத்துக்கு 7 பற்களை நகர்த்தினார். சமையல், தண்ணீர், துணி, கூட்டிப் பெருக்குதல் ஆகியவற்றுக்கு 5. நிலத்துக்கும் பூண்டு வேலைக்கும் 6. குளியல், உணவு, குழந்தை, மாலை விளக்கு ஆகியவற்றுக்கு 3. இறுதியில் தரையில் எஞ்சியவை 3 பற்கள்.

ஒரு குல்லாவுக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். 20 குல்லாக்களுக்கு 80 மணி நேரம். 14 நாள்களில் முடிக்க நாளொன்றுக்கு 6 மணி நேரம் போல வேண்டும். இருப்பதோ 3. எஞ்சிய 3 மணி நேரத்தையும் அவள் எங்கிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உறக்கத்திலிருந்தும் குழந்தையின் பங்கிலிருந்தும் விளக்கேற்றும் நேரத்திலிருந்தும் அது எடுக்கப்பட்டிருந்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவன் உள்ளே வந்து அமர்ந்தான். “காலையில தண்ணியும், ராத்திரிக்கு உலை வைக்கறதும் இனிமே என் வேலை” என்றான். பூண்டு பிரிப்பதிலும் நூல் சுற்றுவதிலும் மருமகளின் பங்கையும் தாமே ஏற்பதாக மாமியார் கூறினார். அதனால் 1 பல் மிஞ்சியது. அதையும் பின்னலுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று மருமகள் நினைத்தாள். மாமியாரோ அப்பல்லை எடுத்துத் தனியே விளக்குமாடத்தில் வைத்தார். “இது மழைக்கு. காய்ச்சலுக்கு. வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு. இதைத் தொடக் கூடாது.”

மீதமிருந்த 10 நாள்களில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்றால் 30 மணி நேரம். அதில் 7 குல்லாக்கள் முடியும். முன்பே முடிந்த 5-ஐயும் சேர்த்தால் 12. மருமகள் மறுநாள் பேருந்தேறிக் கொடைக்கானல் சென்றாள். கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் முகம் சுளித்தார், பின்னர், “பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. ஆனா சொன்ன நாள் தவறக் கூடாதும்மா” என்றார். மீதி எட்டுக்கான முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அப்பணம் நூலாக மாறிவிட்டதே என்று அவள் தயங்கவில்லை. புறப்படும்போதே மாமியார் தம் சுருக்குப்பையை அவிழ்த்து அத்தொகையைக் கொடுத்திருந்தார். அது வைகாசி விசாகத்துக்குப் பழனி செல்ல அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த வழிச்செலவுப் பணம்.

“பழனிக்குப் போற காசாச்சே அத்தை!” என்று மருமகள் பதறினாள்.

“பழனி எங்கே போயிடப் போகுது? நம்ம வேலப்பரு பக்கத்துலயே இருக்காரு” என்றார் அவர்.

குழந்தை வேலப்பர் சந்நிதி

அவர் குறிப்பிட்டது பூம்பாறையில் எழுந்தருளியுள்ள குழந்தை வேலப்பர் திருக்கோயிலை. கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள இத்தலத்தின் மூலவரைப் போகர் சித்தர் பிரதிஷ்டை செய்தார் என்பது ஐதிகம். பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ள கோயில்களுள் இதுவும் ஒன்று. அருணகிரிநாதர் இங்கு வந்து வழிபட்டுத் திருப்புகழ் பாடியுள்ளார்.

குழந்தை வேலப்பர் என்னும் திருநாமத்துக்குச் செவிவழியாக ஒரு வரலாறு கூறப்படுகிறது. அருணகிரிநாதர் இம்மலையில் ஓர் இரவு தங்கியபோது அரக்கி ஒருத்தி அவரைக் கொல்ல வந்தாளாம். அவ்வேளையில் முருகப்பெருமான் குழந்தை வடிவெடுத்து அவரருகே இருந்தாராம். குழந்தையோடு இருப்பவரைக் கொல்ல அரக்கிக்கும் மனம் வரவில்லை. வந்த வழியே திரும்பிச் சென்றாளாம்.

விசாகத்தன்று அக்குடும்பம் நால்வருமாக இச்சந்நிதியில் நின்றது. இவ்வரலாற்றைக் கேட்ட மருமகள் நெடுநேரம் மூலவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் ஒரு குழந்தை இருப்பதைக் கண்டு அரக்கியே தன் காரியத்தை நிறுத்திக்கொண்டாள். தன் அருகில் வந்து அமர்ந்த குழந்தைக்காக ஒரு வரிசைப் பின்னலை நிறுத்தத் தன்னால் இயலவில்லையே என்ற எண்ணம் அவள் நெஞ்சில் எழுந்தது.

நடை சாத்தும் நேரம்

இக்குடும்பத்தின் கதை மலைக்கு மட்டும் உரியதன்று. சித்திரைத் திருவிழாவுக்குப் புகழ்பெற்ற மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் பெண்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே அவ்வேலையைச் செய்து வந்தவர்கள். சௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்த அக்கலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிட்டியது. நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் வெண்பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல்களால், இழைகளை எண்ணி எண்ணிப் பூவேலை செய்கின்றனர். அதற்கு 2013-இல் அக்குறியீடு வழங்கப்பெற்றது. கடைக்கு வரும்போது இவை அழகிய பொருள்கள். அவற்றின் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒவ்வோர் இழைக்கும் பின்னால் ஓர் அடுப்படியும் ஒரு தொட்டிலும் காத்திருந்திருக்கும்.

அடுப்படி எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதை 2019-ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர் மட்டுமே. ஈடுபட்டவர்களில் பெண்கள் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். ஏறத்தாழ 5 மணி நேரம்! எழுத்தறிவு மிகுதியாக இல்லாத அந்த மாமியார் பூண்டுப் பற்களில் சமையலுக்கும் துணிக்குமாக ஒதுக்கியதும் அதே 5.

இதற்கு வழிகாட்டி ஆலயத்திலேயே உள்ளது. பழனி மலைக்கோயிலில் விளா பூசை, சிறுகால சந்தி, கால சந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இராக்காலம் என ஆறு காலப் பூசைகள் நடைபெறுகின்றன. எத்தனை ஆயிரம் பேர் மலையேறி வந்தாலும் அந்தந்தப் பூசை அந்தந்தக் காலத்தில் நடந்தாக வேண்டும். பற்பல ஆலயங்களில் நண்பகலில் நடை சாத்தப்படும். இரவில் பள்ளியறைப் பூசையுடன் இறைவன் திருத்துயில் கொள்வதாகப் பாவனை. தொலைவிலிருந்து வந்தோம் என்று யார் மன்றாடினாலும் அர்ச்சகர் நடையைத் திறப்பதில்லை. அதை எந்த பக்தரும் குறையாகக் கொள்வதில்லை. மாலை நடை திறக்கும்வரை மண்டபத்தில் அமைதியாக அமர்ந்திருப்பார்.

கைவேலைக்கும் அவ்வாறு நடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு ஊசியை எடுத்தால் நான்கு மணிக்கு உறையில் இட வேண்டும். இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் என்றால் அதோடு நிறுத்த வேண்டும். பாதி வரிசையில் நிறுத்துவது கைக்குக் கடினம், பழகினால் வரும். நேரம் குறித்துச் செய்யும் வேலையில் கண்ணிகள் தவறுவதும் குறைகிறது. அவிழ்த்து மறுபடி பின்னும் வீண்வேலை மிச்சமாகிறது.

வாக்குக் கொடுக்கும் முன் கணக்கிடுவது அடுத்தது. கைவேலை செய்வோர், பொருள் ஒன்றுக்கு ஆகும் நேரத்தை ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். தம்மிடம் உள்ள நேரத்தில் ஒரு பங்கை மழைக்கும் நோய்க்கும் விட்டுவைத்து, எஞ்சியதற்கு மட்டுமே வேலை ஒப்புக்கொள்ளலாம். கோடை மழை எந்தப் பிற்பகலிலும் மலையில் இறங்கும். நாயனாருக்கே வந்த மழை அது.

மனத்தைப் பற்றிய செய்தியும் ஒன்று உண்டு. காம்பீலி என்னும் ஊரில் பிறந்த நேச நாயனார் நெசவுத் தொழில் செய்தவர். மனம் இறைவன் திருவடியில் நிலைக்க, நா ஐந்தெழுத்தை ஓத, கை ஆடை நெய்து அடியார்க்கு அளித்தது என்பது அவர் வரலாறு. நெய்தலும் வழிபாடும் அவருக்கு ஒன்றாக இருந்தன. ஆனால் பதற்றத்தில் அப்படி இருக்க இயலாது. இன்னும் எத்தனை மீதி என்று அஞ்சிக்கொண்டிருக்கும் மனத்தில் திருநாமத்துக்கு இடம் கிடைப்பதரிது. அளவோடு ஏற்ற வேலையே வழிபாடாக மாறும்.

பெரியவர்கள் செய்யக்கூடியவை

இன்று எத்தனையோ இல்லங்களில் மகளோ மருமகளோ பேத்தியோ ஏதேனும் ஒரு கைத்தொழில் செய்கிறார்கள். ஒருத்தி பூ கட்டுகிறாள். ஒருத்தி விளக்குத் திரி திரிக்கிறாள். ஒருத்தி சுவாமிக்குப் பாவாடை தைக்கிறாள். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்து சேரும்போது அவர்கள் திணறுவது பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியும். அப்போது சொல்ல எளிதாக இருப்பது, “இந்த வேலையெல்லாம் எதுக்கு? விட்டுத் தொலை” என்பது. அவள் ஈட்டும் சிறு தொகையும், அதைவிட அவள் கைத்திறனில் அவளுக்குள்ள பெருமிதமும் அச்சொல்லால் நொறுங்கிவிடும்.

மங்கிய கண்ணாலும் செய்யக்கூடிய உதவிகள் பல உண்டு. நூல் சுற்றித் தரலாம். பேரப்பிள்ளைகளை அருகிலுள்ள கோயிலுக்கு அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் பிரகாரத்தில் கதை சொல்லலாம். மாலை விளக்கைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளலாம். வீட்டு ஆண்களிடம், “உலை வைக்கிறது ஒண்ணும் குறைச்சல் இல்லப்பா” என்று எடுத்துச் சொல்லும் உரிமை வீட்டுப் பெரியவர்களுக்கே உண்டு. மருமகள் சொன்னால் சச்சரவாகும் சொல், தாய் சொன்னால் அறிவுரையாகும்.

கோடையில் மலைக்குச் செல்லும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் கையால் பின்னிய குல்லாவை எடுத்துப் பார்த்து விலையைப் பாதியாகக் கேட்கும் முன், அதில் 4 மணி நேரம் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம். உண்டியலில் எண்ணாமல் இடும் கை, உழைத்தவளின் கூலியில் மட்டும் எண்ணி எண்ணிக் குறைப்பது முறையாகாது. “நாளைக்கே வேணும்” என்று அவசரப்படுத்தாமல் இருப்பதும் ஒருவகைத் தொண்டுதான்.

அம்மலைகளில் குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்கும். கொடைக்கானலில் 1936-இல் எழுப்பப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் சந்நிதி அப்பூவின் பெயரையே தாங்கி நிற்கிறது. காலம் வரும்வரை பூவை யாரும் அவசரப்படுத்துவதில்லை; ஆண்டவனும் காத்திருக்கிறான்.

பூண்டியில் அந்த வீட்டில் 12 குல்லாக்கள் சொன்ன நாளில் முடிந்தன. மீதமிருந்த நூலில் ஒரு சிறு உருண்டை முதலில் வேறொன்றுக்குச் செலவாயிற்று. “இது எந்தப் பாப்பாவுக்கு?” என்று குழந்தை மறுபடியும் கேட்டபோது, தாய் அந்த மஞ்சள் குல்லாவை அவள் தலையிலேயே அணிவித்தாள். எஞ்சிய நூலை ஐப்பசியிலும் கார்த்திகையிலும், விளக்கேற்றிய பின் கிடைத்த நேரத்தில் அவள் நிதானமாகப் பின்னினாள். மார்கழிக் குளிரில் அவையும் விலை போயின. கிடைத்த தொகையில் ஒரு பகுதி மாமியாரின் சுருக்குப்பைக்குத் திரும்பியது.

தைப்பூசத்தன்று அக்குடும்பம் பழனி மலையடிவாரத்தில் நின்றது. கூட்டத்தில் தொலைந்துவிடாதபடி மஞ்சள் குல்லா அணிந்த சிறுமியின் கையைத் தாய் பற்றியிருந்தாள். மாமியாரின் கையைக் கணவன் பற்றியிருந்தான். படியேறத் தொடங்குமுன் மாமியார் மலையை நோக்கிக் கை குவித்தார்.

வேலேந்திய கை எல்லா உழைக்கும் கைகளுக்கும் துணை நிற்பதாக!